பதினஞ்சு நிமிஷ பிரேக்குக்கு கியூபா சுருட்டு: மினியா, கைச்சுருட்டா?

மணல்காத்து (துபாய்)

வணக்கம் மக்களே. இங்க ரொம்ப காலமா வாசிக்கிறதோட சரி, இழை தொடங்குறது இதுதான் முதல் தடவை.

கட்டுமான சைட்ல வேலை. காலையில டீக்கு பதினஞ்சு நிமிஷம். மதியம் சாப்பாடு போக இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் மிஞ்சும். சாயங்காலம் கான்கிரீட் வண்டி லேட்டானா அது நமக்கு லாபம். முன்னாடி இந்த மூணு நேரமும் சிகரெட்டுக்குப் போயிட்டிருந்துச்சு. அதை நிறுத்தியாச்சு. இப்ப சட்டைப் பையில கோஹிபா மினி பாக்கெட் இருக்கு, கியூபா கம்பெனியோட குட்டிச் சுருட்டு.

முதல் பாதி அருமையா இருக்கு. காப்பிப்பொடி வாசம், மரவாசம், கொஞ்சம் இனிப்பு. பாதியைத் தாண்டினதும் நாக்கு நுனி சுடுது, கசப்பு ஏறுது, கடைசி ஒரு அங்குலத்தை மணல் வாளியில சொருகிட்டு வந்துடறேன். கூட வேலை பாக்குற ஒருத்தர், “மினியெல்லாம் மெஷின் சரக்குப்பா, கையால சுத்துன சின்ன சுருட்டு எடு”ங்கறார். எனக்கு இருக்கிறதே பதினஞ்சு நிமிஷம். அதுக்குள்ள முடியற கைச்சுருட்டு உண்டா? இல்ல மினியையே வேற மாதிரி பிடிக்கணுமா?

சட்டிபானை (லண்டன்)

தம்பி, மினியை ஆரும் குறைச்சுக் கதைச்சால் எனக்குப் பொறுக்காது. நான் ரெஸ்ரோறன்ட் குசினியில நிக்கிறவன். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு இரவுக்கு அடுப்பு மூட்ட முன்னம் கொஞ்ச நேரம் கிடைக்கும். வெங்காயம் வெட்டுற பொடியன் வரேல்லை எண்டால் அதுவும் இல்லை. பின்பக்க ஒழுங்கையில, குப்பைவாளியளுக்குப் பக்கத்தில நிண்டு பத்துறது. 2007 யூலையில இருந்து உள்ளுக்குப் பத்தேலாது. கூரை போட்ட கொட்டில் எண்டாலும் சுத்திவரப் பாதிக்கு மேல அடைச்சிருந்தால் அதுவும் உள்ளுக்கு எண்டுதான் கணக்கு. மழைக்குள்ள மாட்டுப்பட்டால் உங்கட கைச்சுருட்டை என்ன செய்வியள்? மினி எண்டால் எறிஞ்சுபோட்டு ஓடலாம்.

சுடுறதுக்குக் காரணம் நீங்கள் சிகரெட் மாதிரி இழுக்கிறது. நிமிசத்துக்கு ஒருக்கால் இழுங்கோ. இடையில அதைக் கையில வச்சுக்கொண்டு சும்மா நில்லுங்கோ. கடைசி மூண்டில ஒரு பங்கை ஆசைப்படாமல் விட்டுடுங்கோ. நான் பர்தகாஸ் மினியும் மாண்டெகிறிஸ்டோ மினியும் மாறி மாறி வாங்கிறன். இரண்டுக்கும் கோஹிபா அளவுக்குப் பேரும் இல்லை, விலையும் இல்லை.

பெட்டிக்குள்_ஈரம் (சிங்கப்பூர்)

இரண்டு பேரும் அளவைச் சொல்லாமல் பேசுகிறீர்கள். அதிலிருந்து தொடங்குகிறேன்.

சுருட்டின் பருமனை வளைய எண்ணால் சொல்வார்கள். ஓர் அங்குலத்தை 64 பங்காகப் பிரித்து, அதில் எத்தனை பங்கு என்பதே அந்த எண். கோஹிபா மினி 82 மி.மீ. நீளம், வளையம் 20. குறுக்களவு 8 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு, ஆக சிகரெட் பருமன்தான். கிளப் என்று இன்னொன்று உண்டு, 96 மி.மீ. நீளம். இவையெல்லாம் இயந்திரத்தில் செய்பவை. இலை கியூபாவுடையது என்பதில் பொய்யில்லை, ஆனால் உள்ளே இருப்பது நறுக்கிய துண்டு இலை. துண்டுகளுக்கு நடுவே காற்று தாராளமாக ஓடும், வேகமாக எரியும். குச்சி மெலிந்தும் குட்டையாகவும் இருப்பதால், பாதி எரிந்த பிறகு கங்குக்கும் உதட்டுக்கும் நடுவே புகை ஆறுவதற்கு இடமே இல்லை. மெதுவாக இழுத்தால் சூடு குறையும், போகாது. மணல்காத்து தம்பி, கடைசி அங்குலத்தை நீங்கள் வாளியில் சொருகுவது சரியான காரியம்.

கைச்சுருட்டில் முழு நீள இலைகளை மடித்து வைப்பார்கள். நன்றாக எரிவதற்கு வொலாடோ, மணத்துக்கு செகோ, காரத்துக்கு லிகேரோ. செடியின் அடியிலிருந்து உச்சிக்குப் போகிற வரிசை அது. இவற்றைச் சுற்றி ஒரு கட்டு இலை, அதன்மேல் போர்வை இலை. அளவு மெலிய மெலிய லிகேரோவுக்கு இடம் குறையும். அது மெதுவாக எரிகிற இலை, மெல்லிய சுருட்டில் அதைத் திணித்தால் அணைந்து அணைந்து போகும். சின்னக் கைச்சுருட்டு பெரும்பாலும் சாதுவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் நேரத்துக்கு வருவோம். மாண்டெகிறிஸ்டோ எண் 5, கோஹிபா சிக்லோ 1 இரண்டுமே 102 மி.மீ., வளையம் 40. தொழிற்சாலையில் இரண்டுக்கும் பெர்லா என்ற ஒரே அளவுப் பெயர். அரை மணி நேரம் கேட்கும். எச். உப்மன் ஹாஃப் கொரோனா 90 மி.மீ., வளையம் 44. அவசரப்படாமல் இருபது, இருபத்தைந்து நிமிடம். பர்தகாஸ் ஷார்ட்ஸ், ராமோன் அயோனெஸ் ஸ்மால் கிளப் கொரோனா இரண்டும் 110 மி.மீ., வளையம் 42. இவற்றுக்கு அரை மணிக்கு மேலேயே ஒதுக்குங்கள். பதினைந்து நிமிடத்தில் முடிகிற நல்ல கைச்சுருட்டு எனக்குத் தெரிந்து கியூபாவில் கிடையாது. காலை டீ நேரத்தை விட்டுவிடுங்கள். மதியத்துக்கு ஹாஃப் கொரோனா.

ஒரு எச்சரிக்கை. மெலிதாக இருக்கிறதே, சீக்கிரம் முடியும் என்று கோஹிபா பனடேலாஸ் பக்கம் போகாதீர்கள். வளையம் 26. அவ்வளவு மெலிதாகக் கையால் சுற்றும்போது கொஞ்சம் இறுகினாலும் புகை வராது. கன்னம் ஒட்ட இழுத்து, தலைவலியோடு வேலைக்குத் திரும்புவீர்கள்.

மணல்காத்து (துபாய்)

அண்ணே, இவ்வளவு விவரமா எழுதினதுக்கு நன்றி. சந்தேகம் ஒண்ணு. ஹாஃப் கொரோனாவை காலையில பாதி, மதியம் பாதின்னு பிரிச்சுப் பிடிச்சா ஆகாதா? ஒரு சுருட்டு விலைக்கு ரெண்டு பிரேக் ஓடிடுமே.

பெட்டிக்குள்_ஈரம் (சிங்கப்பூர்)

அணைத்த சுருட்டை மூன்று மணி நேரம் கழித்துப் பற்ற வைத்தால் சாம்பல் கிண்ணத்தை நக்கினது போல இருக்கும். நல்ல இலைக்கு அந்தக் கதி வேண்டாம்.

சட்டிபானை (லண்டன்)

அண்ணை சிங்கப்பூரில ஏசி அறையில இருந்து கதைக்கிறார் போல. 😀 பாதியில விட்டுட்டு ஓடவேண்டி வாற ஆக்களுக்குத்தான் இந்த இழையே.

உறையூர்க்காரன் (திருச்சி)

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். கியூபா பத்தி எனக்கு ஒண்ணும் பெருசா தெரியாது, சுருட்டு தெரியும். எங்க தெருவுல முன்னாடி வீட்டுக்கு வீடு சுருட்டு சுத்துவாங்க. திருச்சி, திண்டுக்கல் சரக்கெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துல இங்கிலாந்து வரைக்கும் கப்பலேறிப் போனது. நம்ம சுருட்டுக்கு ரெண்டு முனையும் திறந்திருக்கும், வெட்டுற வேலையே இல்ல. கியூபா சரக்குக்கு ஒரு முனையில தொப்பி போட்டு ஒட்டியிருப்பாங்க, அதை வெட்டினாத்தான் புகை வரும்.

பாதிச் சுருட்டு விஷயம் சொல்றேன். எங்க தாத்தா ஒரு சுருட்டைக் காலையில பத்த வச்சாருன்னா ராத்திரி வரைக்கும் அதுதான். வயலுக்குள்ள இறங்கும்போது அணைச்சுக் காதுல செருகிப்பார், வரப்புல ஏறினதும் திரும்பப் பத்த வைப்பார். கெட்டுப்போச்சுன்னு அவர் சொல்லி நான் கேட்டதே இல்ல. ருசி மாறும், அது வாஸ்தவம். மாறின ருசியும் சுருட்டு ருசிதானே.

பல்லாண்டு (மதுரை)

நான் பல் மருத்துவர். இந்தக் குழுவில் நான் வந்தாலே எல்லோரும் பீடியை ஒளித்து வைப்பது தெரியும். இருந்தாலும் ஒரு கேள்வி.

மணல்காத்து எழுதியது: “முன்னாடி இந்த மூணு நேரமும் சிகரெட்டுக்குப் போயிட்டிருந்துச்சு.”

தம்பி, மினிப் புகையை வாயோடு நிறுத்துகிறீர்களா, நெஞ்சுக்குள் இழுக்கிறீர்களா?

மணல்காத்து (துபாய்)

உள்ளதான் டாக்டர் போகுது. முழுசா இல்ல, கொஞ்சம். அப்படி இழுத்தாத்தான் பிடிச்ச மாதிரி இருக்கு.

பல்லாண்டு (மதுரை)

அதுதான் நான் எதிர்பார்த்த பதில். இந்த இழையில் மினியா கைச்சுருட்டா என்பதைவிட எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

சிகரெட் புகை லேசான அமிலத் தன்மை உள்ளது. அதிலுள்ள நிகோட்டின் வாய்த்தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது குறைவு, நுரையீரலுக்குப் போனால்தான் ஏறும். சுருட்டு இலையைப் பதப்படுத்தி நொதிக்க வைப்பதால் அதன் புகை காரத் தன்மை உள்ளது. வாயில் வைத்திருந்தாலே நிகோட்டின் ஏறும். அதனால்தான் சுருட்டுக்காரர்கள் உள்ளே இழுக்காமலே திருப்தி அடைகிறார்கள். சிகரெட்டை விட்டுவிட்டுச் சுருட்டுக்கு வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் உள்ளே இழுப்பார்கள். அதுவும் சிகரெட் பருமனில் ஒரு குச்சி கையில் இருந்தால் இழுக்காமல் இருக்கவே முடியாது. வாய்க்கும் தொண்டைக்கும் சுருட்டின் கேடு, நுரையீரலுக்குச் சிகரெட்டின் கேடு என்று இரண்டையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

வாயோடு நிறுத்தினால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். வாய், நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் எல்லாவற்றிலும் சுருட்டால் புற்று வரும். ஆந்திரக் கடலோரத்தில் சில பெண்கள் சுட்டா என்கிற நாட்டுச் சுருட்டின் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்கள். காற்றில் அணையாமல் இருக்கத் தொடங்கிய பழக்கம் என்பார்கள். மேலண்ணத்தில் வருகிற புற்றுக்கு அந்த வட்டாரம் மருத்துவப் பாடங்களிலேயே இடம்பெற்றிருக்கிறது. சூடும் புகையும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் தோல் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

விடச் சொன்னால் விடுவீர்களா என்று தெரியாது. பிடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், உள்ளே இழுக்காதீர்கள். வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ இருந்தால் தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சட்டிபானை (லண்டன்)

டொக்டர் சொன்னதில ஒண்டும் பிழையில்லை. எங்கட குசினியிலயும் உதுதான் நடந்தது. சிகரெட்டை விட்ட பொடியன் ஒருத்தன் மினிக்கு மாறினவன். ஒரு பெட்டி பத்து நாள் வரும் எண்டு நினைச்சு வாங்கிறது, இரண்டாம் நாளே முடிஞ்சிடும். ஆள் பெட்டியைப் பாத்துக் கோஹிபா பத்துறன் எண்டு நினைச்சான், கை சிகரெட்தான் பத்திச்சுது. அவனுக்கு நான் பெரிய சுருட்டொண்டு வாங்கிக் குடுத்தன், வேகமா இழுத்துத் தலை சுத்திக் கதிரையில இருந்திட்டான். அதுக்குப் பிறகு உள்ளுக்கு இழுக்கிறேல்லை.

பெட்டிக்குள்_ஈரம் (சிங்கப்பூர்)

டாக்டர் சொன்னதால் என் கட்சி கொஞ்சம் வலுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். பருமனான சுருட்டை உள்ளே இழுக்கத் தோன்றாது. வளையம் 44 வாயில் நிற்கும்போதே உடம்பு வேறு வேகத்துக்கு வந்துவிடும்.

உறையூர்க்காரர் தாத்தாவைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடமும் ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஹவானாவில் ஒரு சுருட்டுத் தொழிற்சாலைக்குள் போனேன். பள்ளிக்கூட வகுப்பு மாதிரி வரிசை வரிசையாக மேசைகள். ஆளுக்கொரு பலகை, சவெட்டா என்கிற பிறைவடிவத் தகட்டுக் கத்தி, ஒரு சின்னக் கிண்ணத்தில் பசை. என் எதிரே இருந்த பெண் நடுவயது தாண்டியவர். உள்ளிலைகளை இடது உள்ளங்கையில் விசிறி மாதிரி மடித்துச் சேர்த்து, கட்டு இலையில் உருட்டி, மர அச்சில் அழுத்தி வைத்தார். அதற்கு முன் அச்சில் வைத்த வேறொன்றை எடுத்து அரைவட்டமாக வெட்டிய போர்வை இலையை அதன்மேல் சாய்த்துச் சுற்றிக்கொண்டு வந்தார். நுனிக்கு வந்ததும் துளிப் பசை, ஒரு வட்டத் துண்டு, விரலால் ஒரு திருகு. தொப்பி உட்கார்ந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது அவர் வாயில் இருந்த சுருட்டைப் பற்றி. பட்டை இல்லாத, பெட்டிக்குப் போகாத சரக்கு. இரண்டு இழுப்பு, பிறகு பலகை ஓரத்தில் வைப்பார். இரண்டு சுருட்டு உருட்டி முடிப்பதற்குள் அது அணைந்திருக்கும். மறுபடி பற்ற வைப்பார். இடைவேளை என்று தனியாக ஒன்று அவருக்குத் தேவைப்படவில்லை. மேடையில் ஒருவர் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். அந்தத் தொழிற்சாலைகளில் 1865-லிருந்து இருக்கிற வழக்கம் அது. ஆக, அணைத்துப் பற்ற வைக்கலாமா என்ற கேள்வியைச் செய்கிறவர்களே தினமும் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் முன்பு சொன்னது மணிக்கணக்கில் கிடந்த சுருட்டுக்கு. ஒரு மணி நேரத்துக்குள் என்றால் செய்யலாம். நசுக்கி அணைக்காதீர்கள், வைத்தால் தானே அணையும். திரும்பப் பற்ற வைக்குமுன் கரிந்த முனையை வெட்டி எறியுங்கள், பின்பக்கமிருந்து ஒருமுறை ஊதி உள்ளே தேங்கின பழம்புகையை வெளியேற்றுங்கள்.

இன்னொரு சேதி. சின்ன அளவுகள்தான் புதிதாக வந்தவர்கள் கைக்குப் போகும். பெரிய அளவும் கூர்நுனியும் தரம் உயர்ந்தவர்களுக்கு. ஒரே பெட்டிக்குள் ஒன்று அற்புதமாகவும் அடுத்தது அடைத்துக்கொண்டும் இருக்க அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மணல்காத்து (துபாய்)

அண்ணே, அப்படின்னா குட்டைச் சுருட்டெல்லாம் பழைய காலத்துலருந்தே இருக்கா, இல்ல நம்மள மாதிரி நேரமில்லாதவங்களுக்காக வந்ததா?

பெட்டிக்குள்_ஈரம் (சிங்கப்பூர்)

இரண்டு வகை. பெர்லா போன்ற குட்டையும் ஒல்லியும் பழசு. குட்டையாகவும் குண்டாகவும் இருக்கிற வகை பெரும்பாலும் இந்த நூற்றாண்டின் சரக்கு. ஓயோ தே மான்டெரே பெட்டிட் ரோபஸ்டோ 2004, உப்மன் ஹாஃப் கொரோனா 2011, பர்தகாஸ் சீரி டி எண் 6 2014. சீரி டி எண் 6 வெறும் 90 மி.மீ. நீளம், வளையம் 50, கட்டைவிரல் மாதிரி இருக்கும். இதே காலத்தில் ஐரோப்பாவில் என்ன நடந்தது? 2004-ல் அயர்லாந்து மதுக்கடைகளில் புகைக்குத் தடை, 2007-ல் இங்கிலாந்து, 2011 தொடக்கத்தில் ஸ்பெயினில் முழுத் தடை. அந்தக் காலத்தில் கியூபச் சுருட்டு அதிகம் விற்ற நாடு ஸ்பெயின். சாப்பிட்ட மேசையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிடித்தவர்கள் வாசலுக்கு வந்து நிற்க ஆரம்பித்தார்கள். நிற்கிறவனுக்கு நீளச் சுருட்டு ஒத்துவராது. கியூபச் சுருட்டு நிறுவனம் வெளிப்படையாக அப்படிச் சொன்னதோ இல்லையோ, வருடங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது. அந்தக் குண்டு அளவுகளுக்கு வழிவிட்டு மெல்லிய பழைய அளவுகள் பல நின்றுபோனதுதான் எனக்கு வருத்தம்.

ஜெர்சிவாசி (நியூ ஜெர்சி)

நீங்க எல்லாரும் பேசறதைப் பார்த்துப் பெருமூச்சு விடறதுதான் என்னால முடியும். கியூபா சரக்குக்கு அமெரிக்கா போட்ட 1962 தடை இன்னும் இருக்கு. நடுவுல ஒபாமா காலத்துல கொண்டுவரலாம்னு தளர்த்தினாங்க, 2020 செப்டம்பர்ல அதையும் மூடிட்டாங்க. இங்க கடையில ‘கோஹிபா’ன்னு சிவப்புப் புள்ளி போட்டு இருக்கிறது டொமினிக்கன் குடியரசில் செய்த வேற கம்பெனி சரக்கு. நிகராகுவா குட்டைச் சுருட்டை வச்சு பொழப்பு ஓடுது. காரம் தூக்கலா இருக்கும், மத்தபடி மோசமில்ல.

நெறியாளர்

“ஹவானாவிலிருந்து நேரடியாக, பாதி விலைக்கு” என்று இரண்டு பதிவுகள் வந்தன, எடுத்துவிட்டேன். விற்பது, வாங்கித் தருவது, தொலைபேசி எண் கொடுப்பது இங்கே கூடாது.

பெட்டிக்குள்_ஈரம் (சிங்கப்பூர்)

நெறியாளருக்கு நன்றி. அந்தப் பாதி விலைக் கோஹிபாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஹவானாத் தெருவில் “என் அண்ணன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான்” என்று யாராவது வந்து காதோடு பேசினால் நடையைக் கட்டுங்கள். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹிபாவை உண்மையான நிறுவனம் விற்பதே இல்லை. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். 2022-ல் கோஹிபா, டிரினிடாட் என்ற இரண்டு கியூப வகைகளின் விலையை உலகம் முழுக்க ஒரே மட்டத்துக்கு உயர்த்தினார்கள். பல ஊர்களில் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. அதற்குப் பிறகு போலிக்குக் கொண்டாட்டம். அதே வருடம் செப்டம்பர் 27-ல் இயான் புயல் கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்தில் கரையேறி, இலை உலர்த்தும் கொட்டகைகளை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. நல்ல இலை விளைகிற வுவெல்டா அபாஹோ வட்டாரம் அந்த மாகாணத்தில்தான். சிக்லோ 1 வாங்குகிற காசுக்கு அதே அளவில் மாண்டெகிறிஸ்டோ எண் 5 ஒன்றுக்கு மேலேயே வாங்கலாம். மூத்த கோஹிபா வரிசைகளில் இருக்கிற அந்தப் பசும்புல் வாசம் அதில் வராது, ஒத்துக்கொள்கிறேன். சைட்டில் மணல் காற்றில் நின்று பிடிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு தெரியும்?

மணல்காத்து (துபாய்)

வாங்கிட்டேன். உப்மன் ஹாஃப் கொரோனா, அஞ்சு இருக்கிற தகர டப்பா. டப்பா பையில அடங்குது, அதுவே பாதி நிம்மதி.

சாப்பாட்டை முடிச்சிட்டு கன்டெய்னர் ஆபீஸ் நிழல்ல உக்காந்தேன். கட்டர் ஒண்ணு சின்னதா வாங்கியிருந்தேன், தொப்பி கோட்டுக்கு மேல ரெண்டு மி.மீ. விட்டு வெட்டுனேன். பத்த வைக்கறதுக்கு முன்னாடியே சும்மா இழுத்தா காய்ஞ்ச இலையோட இனிப்பு நாக்குல வருது, மினியில அது கிடையாது. காத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்தும் ஒரு பக்கம் வேகமா எரிஞ்சுது. பின்தங்குன பக்கத்தை லைட்டரால தொட்டுத் தொட்டுச் சரி பண்ணேன். வறுத்த கடலை மாதிரி ஆரம்பிச்சு, நடுவுல பால் காப்பி, கடைசியில லேசா மிளகுக் காரம். சாம்பல் வெளுத்து, ஒரு விரக்கடை வரைக்கும் உதிராம நின்னுச்சு. போர்மேன் ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போனார். இருபது நிமிஷம் தாண்டிடுச்சு, முக்கால்வாசியில வச்சிட்டு எந்திரிச்சேன். நாக்கு சுடல. டாக்டர் சொன்னதை மனசுல வச்சு உள்ள இழுக்காமப் பாத்தேன், இதுல அது சுலபமாத்தான் இருக்கு.

கடையில குடிக்கிற கரக் டீயோட மட்டும் வேண்டாம். ஏலக்காயும் சீனியும் சேர்ந்து சுருட்டை அமுக்கிடுது. வெறும் தண்ணி, இல்லன்னா கருப்புக் காப்பி.

காலை பிரேக்குக்கு இன்னும் மினிதான். அதை விட மனசு வரல.

இப்ப புதுப் பிரச்சினை. டப்பாவை வண்டியில வச்சிட்டுப் போறேன். இங்க மூடின வண்டிக்குள்ள சூடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஒண்ணும் ஆகாதே?

பல்லாண்டு (மதுரை)

காலை மினியையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெட்டிக்குள்_ஈரம் (சிங்கப்பூர்)

வண்டியில் வைக்கவே கூடாது. முதலில் காய்ந்து வெடிக்கும். அதைவிட மோசம் பூச்சி. இலைக்குள் புகையிலை வண்டின் முட்டை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஏற்றுமதிக்கு முன் கியூபாவில் உறைய வைத்துத்தான் அனுப்புகிறார்கள், இருந்தும் ஒன்றிரண்டு தப்பும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் அது பொரிந்து, சுருட்டில் ஊசி குத்தினது போல ஓட்டை ஓட்டையாகப் போட்டுவிடும். ஒன்றில் கண்டால் டப்பாவில் இருக்கிற எல்லாவற்றையும் உறையில் கட்டி உறைபெட்டியில் சில நாள் வைக்க வேண்டியதுதான்.

வீட்டில் காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா ஒன்று போதும், மரப்பெட்டிக்குச் செலவழிக்க வேண்டாம். உள்ளே 65 சதவீத ஈரப்பத உறை ஒன்று போடுங்கள். 65-லிருந்து 69 வரை எனக்குச் சரியாக இருக்கிறது. குளிர்ந்த அறையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். காலையில் கிளம்பும்போது ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள். மினிக்கு இந்தச் சடங்கெல்லாம் தேவையில்லை, பாக்கெட்டைத் திறந்தால் சில வாரத்தில் தீர்த்துவிட்டால் போதும்.

உறையூர்க்காரன் (திருச்சி)

எங்க வீட்டுல சுருட்டை அரிசிப் பானைக்குப் பக்கத்துல மண் சட்டியில போட்டு வச்சிருப்பாங்க. பூச்சி வந்தா வெயில்ல காய வைப்பாங்க. அண்ணன் சொல்றதைப் பாத்தா நேர்மாறா இருக்கே.

பெட்டிக்குள்_ஈரம் (சிங்கப்பூர்)

நல்ல உச்சி வெயிலில் பூச்சி சாகும்தான். கூடவே மணமும் போகும். அன்றன்றைக்குத் தீர்கிற சரக்குக்கு அது பரவாயில்லை.

சட்டிபானை (லண்டன்)

அண்ணை, கோடைக்குச் சிங்கப்பூர் வழியா யாழ்ப்பாணம் போறன், சிங்கப்பூரில இரண்டு நாள் நிக்க வேணும். லண்டனுக்குள்ள வரேக்க 3 கிராமுக்கு உள்ள சின்னச் சுருட்டு 100, இல்லாட்டிப் பெரிசு 50 கொண்டுவரலாம் எண்டு தெரியும். மினியெல்லாம் அந்தச் சின்னக் கணக்குக்குள்ள வரும். உங்கட ஊரில எத்தினை விடுவினம்?

மணல்காத்து (துபாய்)

எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கண்ணே, ஊருக்குப் போற வழியில நானும் அங்க இறங்கலாம்னு இருக்கேன். இந்தியாவுக்கு 25 சுருட்டுன்னு படிச்சிருக்கேன்.

பெட்டிக்குள்_ஈரம் (சிங்கப்பூர்)

சிங்கப்பூருக்குள் ஒன்றுகூடத் தீர்வையின்றி வராது. புகையிலைக்குச் சலுகை அளவே கிடையாது, திறந்த பாக்கெட்டில் மிச்சமிருக்கிற ஒரு மினி ஆனாலும் சேர்த்துத்தான். சாங்கியில் சிவப்பு வழியில் போய் எடுத்துக் காட்டி, தீர்வை கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதைப் பாக்கெட்டோடு வைத்திருங்கள். பச்சை வழியில் போய் மாட்டினால் அபராதம் சுருட்டு விலையை விடப் பல மடங்கு. ஆர்ச்சர்ட் சாலை வட்டாரத்தில் நடந்துகொண்டே பிடிக்கவும் கூடாது, 2019-லிருந்து குறித்த இடங்களில் மட்டும்தான். சட்டிபானை, வரும் நாளை தனிமடலில் சொல்லுங்கள், சுருட்டு நான் கொண்டு வருகிறேன்.

சட்டிபானை (லண்டன்)

மினியோ?

பெட்டிக்குள்_ஈரம் (சிங்கப்பூர்)

ஸ்மால் கிளப் கொரோனா. ஒரு முழு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.